ராணி அக்கா வேரிடம் கேட்டதும் ரூத்திடம் கேட்டதும்

ஆக்லாந்தில், நியூ லின் நிலையத்தில் காலை ரயிலுக்காக நின்றிருந்தபோது ரூத்திடமிருந்து அழைப்பு வந்தது. ரூத் எப்போதும் முதலில் என் வீட்டில் எல்லாரையும் விசாரித்து, பிறகு வானிலையைத் திட்டி, அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். அன்று அப்படி எதுவும் இல்லை. "மீனா, டீச்சர் போய்விட்டார்" என்றார் ஆங்கிலத்தில். ராணி அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது. நான் ஏறவில்லை. நடைமேடையில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

ராணி அக்காவை, அதாவது தவராணி அக்காவை, அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு அவரைக் கோயில் அன்னதானத்தில் மரக்கறி வெட்டுகிறவராகத் தெரியும். மீதிப் பேருக்கு, கூட்டம் தாமதமாகத் தொடங்கினால் முதல் வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவராகத் தெரியும். அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் "ஏதோ லேப்" என்பீர்கள். அந்த ஏதோ லேபில் நான் அவருக்குப் பக்கத்து மேசை. அதனால் அந்தப் பாதியை நான் சொல்லியாக வேண்டும்.

அவர் யாழ்ப்பாணத்தில் வேதியியல் படித்தவர். கணவரோடு சாம்பியாவுக்குப் போய்ப் பல வருடங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். பிறகுதான் ஆக்லாந்து. எங்கள் சின்ன ஆய்வகம் சாம்பியாவின் மருந்துச் செடிகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தபோது, அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஊரில் கிடைத்திருக்க முடியாது. அங்குள்ள ஆய்வாளர்கள், நாட்டு வைத்தியர்களின் சம்மதத்தோடு செடிகளைச் சேகரித்து, காயவைத்து, இந்த நாட்டு அனுமதியெல்லாம் வாங்கி அனுப்புவார்கள். ஊரில் சொல்லும் குணம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பங்கு.

நான் திருநெல்வேலிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். சேர்ந்த புதிதில் ஒருநாள், "நம்ம ஊர்ல இல்லாத மூலிகையா அக்கா, இதெல்லாம் அப்பவே கண்டுபிடிச்சாச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். அதே வாரத்தில் வேறொரு ஆய்வகத்துப் பேராசிரியர் வந்து, இந்த இலைதழைகளுக்கெல்லாம் ஏன் நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்று எங்களிடம் சிரித்தார். ராணி அக்கா எங்கள் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். அவருக்கு ஆங்கிலத்தில், எனக்குத் தமிழில்.

"பழசு எண்டதாலை நல்லதும் இல்லை, ஆப்பிரிக்கா எண்டதாலை கூடாததும் இல்லை. பாத்திட்டுச் சொல்லுவம்."

பேராசிரியர் முகம் சுருங்கியது. எனக்கும்தான். ஆனால் பேராசிரியரும் நானும் ஒரே தட்டில் திட்டு வாங்கியதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய வேலை முறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சோதனை செய்தாலும், சாம்பியாவிலிருந்து வந்த செடிச் சாற்றுக்குப் பக்கத்தில் வேறொரு சாற்றையும் வைப்பார். சூப்பர்மார்க்கெட் தேயிலையாக இருக்கும், சில நாள் அவர் வீட்டுக் கண்ணாடிக் கூடாரத்தில் வளர்ந்த கறிவேப்பிலையாக இருக்கும். எது எந்தப் புட்டியில் என்று சோதனை செய்கிறவருக்குத் தெரியக்கூடாது. அந்தப் பக்கத்துச் சாற்றுக்கு அவர் வைத்த பெயர் 'தோழன்'. யாழ்ப்பாணக் கல்யாணம் பார்த்தவர்களுக்குப் புரியும். அங்கே மாப்பிள்ளையோடு அவருடைய தோழனும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வருவார். தூரத்திலிருந்து பார்த்தால் யார் தாலி கட்டப்போகிறவர் என்று குழம்பும்.

"தோழனையும் மாப்பிள்ளையையும் பிரிச்சுத் தெரியேல்லை எண்டால் கலியாணத்தை நிப்பாட்டும்" என்பார். எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்த வெள்ளைக்காரப் பிள்ளைகள்கூட 'தோழன்' என்றுதான் சொல்வார்கள், அவர்கள் நாக்குக்கு வந்த மாதிரி. அதைக் கேட்டு அவர் ஒருநாளும் திருத்தியதில்லை.

இனி ரூத். அவர் சாம்பியாவிலிருந்து வந்தவர், கிளென் ஈடனில் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவர், முதியோர் இல்லத்தில் வேலை. ரூத் குடிவந்த அன்றைக்கு ராணி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "முலி ப்வாஞ்சி" என்று நியான்ஜா மொழியில் நலம் விசாரித்திருக்கிறார். பொட்டு வைத்த ஒரு மனுஷி தன் மொழியில் பேசியதும் ரூத் கையிலிருந்த பெட்டியைப் புல்லில் போட்டுவிட்டாராம். சொந்தப் பேரப்பிள்ளைகள் இரண்டு வீட்டிலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும். இவர்கள் இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று நியான்ஜாவில் கதைப்பார்கள். சாம்பியாவில் படிப்பித்தவர் என்று தெரிந்ததும் ரூத் வைத்த 'டீச்சர்' என்ற பெயர் அன்றிலிருந்து வந்தது.

ரூத்துக்குச் சர்க்கரை வியாதி. அதை அவர் யாருக்கும் மறைத்ததில்லை, இங்கே எழுதுவதற்கும் அவரே சம்மதம் தந்தார். கண் பரிசோதனையில் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது என்றும், சர்க்கரையை இறக்காவிட்டால் பார்வை போய்விடும் என்றும் சொல்லிவிட்டார்கள். ரூத் கவலைப்படவில்லை. அவர் மாத்திரையை நிறுத்தி நாளாகியிருந்தது. ஊர் வேர் ஒன்றை வேகவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அது சர்க்கரைக்குக் கைகண்டது என்று அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் சொன்னார்களாம். டாக்டர், "அந்த ஆப்பிரிக்கச் சாமானைத் தூக்கிப் போடுங்கள்" என்றதும் ரூத்துக்கு ரோஷம் வந்து, இன்னும் ஒரு குவளை கூட்டிக் குடித்தார்.

வேரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே உங்களில் யாராவது தேடி வாங்கிக் குடிப்பீர்கள். நமக்குத் தெரியாதா நம்மை? பாகற்காய் ஜூஸும் ஆவாரம்பூவும் நம் குழுக்களில் எப்படிச் சுற்றுகின்றன!

அதே வேர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்த செடிகளிலும் இருந்தது. அதை ரூத்திடம் சொன்னதும், அப்படியானால் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், டீச்சர் சொன்னால் கேட்கிறேன் என்றார். ஒரு மனுஷியின் கண் எங்கள் கையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. அதுவரைக்கும் மாத்திரையைப் போடு என்று அக்கா மன்றாடினார், ரூத் அசையவில்லை. அக்கா ஒரே ஒரு வாக்குக் கொடுத்தார். முடிவு எதுவானாலும் மேலிடத்துக்கு அறிக்கை போகுமுன் ரூத்துக்குச் சொல்வேன் என்றார்.

சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். நாம் சாப்பிடும் சோற்றைச் சர்க்கரையாக உடைக்கும் ஒரு நொதி குடலில் இருக்கிறது. அதைச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் விட்டு, அது வேலை செய்தால் திரவம் மஞ்சளாகும்படி ஏற்பாடு செய்வோம். செடிச்சாறு அதைத் தடுத்தால் மஞ்சள் வராது. எது வேர் என்று சீட்டைப் பிரித்துப் பார்த்தோம்; ரூத்தின் வேரை விட்ட குழிகளில் மஞ்சள் வரவே இல்லை. வெறும் தண்ணீர் மாதிரித் தெளிவாக நின்றது. எங்கள் ஆய்வகத் தலைவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நானும் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அக்காவுக்கும் முகம் மலர்ந்தது. அந்த நாட்டின் சோறு அவர் உடம்பில் இருந்தது, அந்த வேர் ஜெயிக்க வேண்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் ஆசை.

ஆனால் தோழனைப் பாருமன் என்றார். பார்த்தேன். அன்றைக்குத் தோழனாக வைத்தது சாதாரணத் தேயிலை. அதுவும் தெளிவாக நின்றது.

மாதுளந்தோலைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்பு வேரிலும் இருக்கிறது, தேயிலையிலும் இருக்கிறது. அது கையில் கிடைத்த எந்த நொதியையும் கட்டிப் பிடித்துக்கொள்ளும், இது அது என்று பார்க்காது. துவர்ப்பைப் பிரித்து எடுத்துவிட்டு மறுபடி செய்தோம். எல்லாக் குழிகளும் மஞ்சளாகின. தலைவர் தன் அறைக்குப் போனார். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கார்ச் சாவியை எடும், ரூத்திட்டைப் போவம் என்றார்.

ரூத் சொன்ன பதிலை நான் இன்றும் மறக்கவில்லை. அவர் வீட்டுச் சமையலறையில் அடுப்பில் அந்த வேர் கொதித்துக்கொண்டே இருந்தது. அக்கா நேரடியாகச் சொன்னார்: இது சர்க்கரைக்கு வேலை செய்கிறது என்பதற்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை, நீ மாத்திரையைப் போட வேண்டும். ரூத்துக்குக் கோபம் வந்தது. நீங்கள் பிழையாக வேகவைத்திருப்பீர்கள், எங்கள் சாமானை உங்கள் இயந்திரத்துக்குத் தெரியாது, நீயும் டாக்டர் மாதிரித்தான் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"அப்ப நீயே வந்து அவிச்சுக் காட்டன்" என்று என்னிடம் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அதையே ரூத்திடம் நியான்ஜாவில் சொன்னார். சவால் விடும் குரலில் இல்லை. சமைக்க வா என்று கூப்பிடும் குரல்.

ரூத் வந்தார். எங்கள் வெள்ளைக் கோட்டு அவர் தோளுக்குப் போதவில்லை, பொத்தான் போடாமல் விட்டோம். எங்கள் பையிலிருந்த வேரை முகர்ந்து பார்த்து, இதுதான் என்றார். தன் வீட்டில் எப்படியோ அப்படியே வேகவைத்தார். நடுவில் நான் கிளறப் போக, கையில் தட்டினார். அதோடு அக்கா இன்னொன்றும் செய்தார். தோழன் வைக்கும் பொறுப்பை ரூத்திடமே கொடுத்தார். ரூத் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, வேரையும் தேயிலையையும் வெறும் தண்ணீரையும் புட்டிகளில் ஊற்றி, ஒன்றில் மீன், ஒன்றில் கோழி, ஒன்றில் நிலா என்று படம் வரைந்து ஒட்டினார். எது எதுவென்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நிலா மஞ்சளானது. மீனும் கோழியும் தெளிவாக நின்றன. துவர்ப்பை எடுத்த பிறகு மூன்றும் ஒரே மஞ்சள். ரூத் தட்டைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்வை அந்த அளவுக்கு மங்கியிருந்தது. மீன்தான் வேர், கோழிதான் தேயிலை என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கேட்டார்:

"அப்படியென்றால் என் அம்மா பொய் சொன்னாளா?"

நான் படித்த படிப்பு முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா ஒரு நாற்காலியை இழுத்து ரூத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, உன் அம்மா இந்த வேரை யாருக்குக் கொடுத்தாள், எதற்குக் கொடுத்தாள் என்று கேட்டார்.

வயிறு ஓடும் பிள்ளைகளுக்கு என்றார் ரூத். சர்க்கரை வியாதி என்றால் என்னவென்றே அம்மாவுக்குத் தெரியாது. நீ எப்போது குடிக்கத் தொடங்கினாய் என்று அக்கா கேட்டார். ரூத் யோசித்து யோசித்துச் சொன்னார். டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைக் கலக்கியது. வேலைக்குப் போன இடத்தில் மானம் போனது, அதை டாக்டரிடம் சொல்ல வெட்கம். அதனால் அம்மாவின் வேரைக் குடித்தார், வயிற்றுப்போக்கு நின்றது, உடம்பு தெளிவானது. அந்த நேரம் பார்த்துக் குழுவில் யாரோ இது சர்க்கரைக்கு என்று போட, அட அதுதானா என்று மாத்திரையை விட்டுவிட்டார்.

ராணி அக்கா தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு அது புதிது. அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல.

"நாங்கள் வேரைத்தான் கேட்டனாங்கள் மீனா. இந்த மனிசியை ஒருநாளும் கேக்கேல்லை."

பிறகு ரூத்தின் கையைப் பிடித்து, உன் அம்மா பொய் சொல்லவில்லை, அவள் கொடுக்காத வேலையை நாம்தான் இங்கே வந்து அவள் வேருக்குக் கொடுத்தோம் என்றார். துவர்ப்பு வயிற்றைக் கட்டுவதில் ஆச்சரியம் இல்லை, ஆனால் அதையும் சோதித்துப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த நேரத்திலும் விடவில்லை பாருங்கள்! ரூத் சிரித்துக்கொண்டே அழுதார். நான் எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த முறை டாக்டரிடம் அக்காவும் கூடப் போனார். வயிற்று விஷயத்தை ரூத் வாய் திறந்து சொன்னார். டாக்டர் மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினார், வயிறு சொன்னபடி கேட்டது. ரூத் அதற்குப் பிறகு மாத்திரையை நிறுத்தவில்லை. கண் மேலும் கெடவில்லை. எங்கள் அறிக்கையில், சர்க்கரைக்கு ஆதாரம் இல்லை என்ற வரிக்குக் கீழே, இந்த வேரை வயிற்றுப்போக்குக்குச் சோதிக்க வேண்டும் என்று அக்கா ஒரு வரி சேர்த்தார். சாம்பியாவில் வேரைத் தந்த வைத்தியர்களிடம் வீடியோவில் அவரே முடிவைச் சொன்னார். அவர்களில் ஒருவர், நாங்கள் அதை எப்போது சர்க்கரைக்குக் கொடுத்தோம் என்று கேட்டுச் சிரித்தார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

போன வருடம் அவருக்கே புற்றுநோய் என்று தெரிந்தது. உங்களில் எத்தனையோ பேர் அவரைப் பார்க்கப் போனீர்கள், வெறுங்கையோடு யாரும் போகவில்லை. முள்ளுச்சீத்தா இலை, மஞ்சள் பொடி, ஏதோ ஊர் மாத்திரை. எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கினார். எதையும் நர்ஸிடம் கேட்காமல் வாயில் வைக்கவில்லை. ஒருநாள் ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் காட்டி, "இதுக்குத் தோழன் ஆர் எண்டு கேட்டனீரோ?" என்றார். சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. கொண்டுவந்தவர்கள் பெயர் ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருந்தது. அன்புக்குச் சோதனை வேண்டாம், சாமானுக்குத்தான் வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னார்.

இறுதிச் சடங்கில் தேவாரம் முடிந்ததும் ரூத் எழுந்து பேசினார். வந்திருந்தவர்களில் பலருக்கு அவர் யாரென்று தெரியாது, அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். அவர் பேசியது சில வாக்கியங்கள்தான்.

"டீச்சர் என் அம்மாவின் வேரை என் கண் முன்னால் தோற்கடித்தார். பிறகு என் அம்மாவை எனக்குத் திருப்பித் தந்தார். இன்று நான் யார் கையையும் பிடிக்காமல் வந்து இந்த முகத்தைப் பார்க்கிறேன்."

பெட்டியருகே போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். யாரும் அவரை நகரச் சொல்லவில்லை.

எனக்கு மிஞ்சியது என்ன என்று அதற்குப் பிறகு யோசித்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா திருநெல்வேலியிலிருந்து பேசினாள். பக்கத்து வீட்டில் தந்த ஏதோ பொடியைப் பாலில் போட்டுக் குடிக்கிறாளாம். இதற்கு முன்பென்றால் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன், அவளும் பதிலுக்குக் கத்தி போனை வைத்திருப்பாள். அன்றைக்குக் கத்தவில்லை. எதுக்கும்மா குடிக்கிற என்று கேட்டேன். கேட்டுவிட்டு, அவள் சொல்லும்வரை சும்மா இருந்தேன். பிறகு அம்மா சொன்னாள்.

"அப்பா போனதுலேருந்து ஒறக்கமே வரமாட்டேங்கு, மீனா."

வாரம் தவறாமல் பேசுகிறோம். இதை அவள் சொன்னதே இல்லை. ராணி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியை, அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதை. அதற்காக உங்களுக்கு என் நன்றி, அக்கா.